சுண்ணாம்பு அடித்த கரிச் சுரங்கம்

ராயபுரத்தில் நிலக்கரியை யாரும் வெட்டி எடுத்ததில்லை. இங்கே மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே உப்புத் தண்ணீர் ஊறிவிடும். ஆனாலும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் யாரிடமாவது வழி கேட்டால், "கரிச் சுரங்கத்தாண்ட போயி சோத்தாங்கைப் பக்கமா திரும்பு" என்றுதான் சொல்வார்கள். வழி சொல்ல அந்த இடம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பிசகியிருந்தால் இன்று அங்கே லாரிகள் நின்றுகொண்டிருக்கும்.

சுரங்கம் என்று ஊர் சொல்வது நான் வேலை பார்த்த கம்பெனியின் பழைய கரிக் கிடங்கில் தொடங்கி பூமிக்கடியில் ஓடும் ஒரு செங்கல் வளைவுப் பாதையை. வடக்கே எங்கோ வெட்டிய கரி கல்கத்தாவில் கப்பல் ஏறி, நம் துறைமுகத்தில் இறங்கி, கூட்ஸ் வண்டியில் கம்பெனி மதில் வரை வரும். அங்கிருந்து பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, சரிவான பாதையில் இறங்கி, சுரங்க வாயில் நிற்கும் இரும்புத் தொட்டி வண்டியில் கொட்டுவார்கள். சுரங்க வாயருகே இருந்த ஒரு நீராவி வின்ச், மறுமுனைக் கப்பியைச் சுற்றி வரும் கம்பிக் கயிற்றால் அந்த வண்டியைப் பாய்லர் இருக்கும் இடம் வரை இழுத்துக்கொண்டு போகும். நடுவில் தண்டவாளங்களும் பட்டறையும் இருந்ததால் கரி பூமிக்குக் கீழே போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் சுரங்கம்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து சில வருஷங்களில் இயந்திரங்கள் எல்லாம் மின்சாரத்துக்கு மாறின. பாய்லர்கள் அணைந்தன. கரி வருவது நின்றது. சுமந்த பெண்களில் பாதிப் பேர் குப்பத்தில் மீன் விற்கப் போய்விட்டார்கள். மீதிப் பேரைக் கம்பெனி யார்டு கூட்டவும் மண் சுமக்கவும் வைத்துக்கொண்டது.

நான் டிராயிங் ஆபீஸில் சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு. நான் கொருக்குப்பேட்டைப் பெண். அப்பா கூட்ஸ் இன்ஜினில் ஃபயர்மேன். அவர் சட்டையைத் துவைத்துத் துவைத்து, கரித்தூள் சோப்புக்குப் போகும், தார் மண்ணெண்ணெய்க்குத்தான் போகும் என்பது எனக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. வரைபடப் பயிற்சி முடித்து சர்டிபிகேட் வாங்கியதும், பெரியவர்கள் பென்சிலில் போட்ட படத்தை மெழுகுத் துணியில் மையால் பிரதி எடுக்கும் வேலை கிடைத்தது. மணிக்கட்டு வேர்வை பட்டால் துணி சுருங்கிவிடும். அதனால் கைக்கடியில் எப்போதும் ஒரு மடித்த கைக்குட்டை இருக்கும். ஆபீஸில் பெண் நான் ஒருத்திதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. காலையில் மேஜைக்கு வந்ததும் அன்றைய வேலையை வரிசை எண் போட்டு எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. எங்கள் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் அதைப் பார்த்து, "சாப்பிடறதையும் அதுல எழுதிடும்மா, மறந்துடப் போற" என்பார். உண்மையில் எழுதியிருப்பேன். எல்லா வேலைக்கும் பிறகு, கடைசி வரியாக.

ஒரு நாள் அவர் எனக்கு முதல்முறையாகப் பிரதி எடுப்பதல்லாத ஒரு வேலை கொடுத்தார். கரிக் கிடங்கை இடித்துவிட்டு அங்கே லாரி நிறுத்தும் இடம் கட்டப் போகிறார்கள். கீழே சுரங்கம் வெற்றிடமாக இருந்தால் லாரியின் கனத்துக்குத் தரை உள்ளே போய்விடும். அதனால் முதலில் அதை மணலால் நிரப்ப வேண்டும். எவ்வளவு மணல் பிடிக்கும் என்று அளந்து, படம் போட்டு, கணக்குச் சொல்ல வேண்டும். பழைய படம் எதுவும் கிடைக்கவில்லை.

"மணலுக்குள்ள போகப் போறதுதானே. ரொம்ப அழகா எல்லாம் போட வேணாம்" என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. வேலையை வளர்க்காதே என்று சொன்னார், அவ்வளவுதான்.

ஆபீஸ் பியூன் சுரங்க வாயைப் பார்த்ததும் பாம்பு இருக்கும் என்று சொல்லி மேலேயே நின்றுகொண்டார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். யார்டு கூட்டிக்கொண்டிருந்த பெண்களில் மேஸ்திரியாக இருந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். கரி வந்த காலத்திலும் அவள்தான் மேஸ்திரி. குப்பத்துக்காரி. கடல் காற்றில் வெடித்த குரல். என் அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவளாக இருப்பாள்.

"பாம்பு இன்னாத்துக்கு பாப்பா இங்க வருது? அதுக்கு வேற எடமே இல்லியா?" என்றாள் பியூன் காதில் விழும்படி.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வளைவில் ஒரு செங்கல்கூடப் பெயரவில்லை. வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மழை நாளில் தண்ணீர் எந்த மூலையில் தேங்கும், வின்ச் ஆள் தூங்கிவிட்டால் அவனை எப்படி எழுப்புவார்கள் என்றெல்லாம். மணியை அடிக்க மாட்டார்களாம். அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்து ஒளித்துவிட்டால் பசியில் தானாக எழுந்துகொள்வானாம்.

வேலை முடிந்து வெளியே வந்து, வாய்ப் பக்கத்துச் சுவரின் நீளத்தை அளக்கும்போதுதான் அதைப் பார்த்தேன். சரிவுப் பாதையின் ஒரு பக்கம் முழுக்க ஆளுயரத்துக்கு மேல் ஒரு பூச்சுச் சுவர். மேலே தகரக் கூரை. பல வருஷக் கரித்தூள் படிந்து சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கறுப்பில் இன்னும் அழுத்தமான கறுப்பாக, கொஞ்சம் பளபளப்போடு, உள்ளங்கைகள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் தெரியும். நேராகப் பார்த்தால் வெறும் அழுக்கு.

என்ன இது என்று கேட்டேன். அக்கா சொன்னாள். கரி ஈரமாக வரும். கூடையிலிருந்து கறுப்புத் தண்ணீர் தலையில் சொட்டாமல் இருக்க, கூடையின் அடியில் தார் பூசுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முதல் நாள், எல்லாக் கூடைகளையும் கழுவிக் காயவைத்துப் புதிதாகத் தார் பூசுவது வழக்கம். அப்போது ஒவ்வொருத்தியும் தார்க் கையைச் சுவரில் ஒரு முறை பதிப்பாள். ஆண்கள் வின்சுக்குச் சந்தனம் வைப்பார்கள், பொட்டு வைப்பார்கள். இவர்களுக்கு அந்தக் கைதான் பொட்டு. ஒவ்வொருத்திக்கும் சுவரில் ஓர் இடம் உண்டு. அவள் கூடையை இறக்கி மூச்சு வாங்க நிற்கும் இடம். வருஷா வருஷம் அதே இடத்தில், பழைய கையின் மேலேயே புதுக் கை. ஒருத்தி வேலையை விட்டுப் போனால், அல்லது செத்துப் போனால், அந்த இடத்தில் வேறு யாரும் கை வைப்பதில்லை. புதிதாக வருகிறவள் தள்ளி நின்று தனக்கென்று ஓர் இடம் பிடிப்பாள். அதனால்தான் சுவர் அவ்வளவு நீளத்துக்கு நிறைந்திருந்தது.

ஓர் இடத்தில் நாலு விரல்தான் இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அது என் தங்கச்சி. கம்பிக் கயித்துல ஒரு வெரலு பூட்ச்சி. அப்பால ரெண்டு வருசம் அந்தக் கையோடவே தூக்குனா. காய்ச்சல்ல பூட்டா." டேப்பைச் சுருட்டிக் கொடுத்தாள். "இன்னும் எங்கியாச்சும் அளக்கணுமா?"

டிராயிங் ஆபீஸில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், இருப்பதை வரை, இருக்க வேண்டியதை வரையாதே என்பது. சுவரின் முகப்புத் தோற்றம் போடும்போது கைகள் இருந்தன, அதனால் கைகளை வரைந்தேன். ஒவ்வொன்றையும் அதன் இடத்தில், அளவுக்கு. மணல் கணக்குக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் தாளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். இதை அழித்தால் தாளில் ஓட்டை விழுந்துவிடும், அப்படியே போகட்டும் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

அந்தத் தாள் பெரிய இன்ஜினியரின் மேஜைக்குப் போனது. மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரிய இன்ஜினியர் நம் ஊர்க்காரர்தான். ஆனால் இளம் வயதில் பல வருஷம் வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரர் போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் மேஜையில் என் படம் விரித்திருந்தது. நாலு மூலைக்கும் நாலு கரித்துண்டுகளை வைத்திருந்தார்.

படத்தில் இருப்பதெல்லாம் நிஜமாகவே சுவரில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"நாங்க அங்க தீந்துபோன சுரங்கத்தை எல்லாம் மணல் போட்டுத்தான் மூடுவோம். மூடின பிறகு மேல புல் முளைச்சிடும். கீழ யார் இருந்தாங்கன்னு ஒரு அடையாளம் இருக்காது" என்றார். படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "திங்கட்கிழமை காலையில வந்து பாக்கறேன். நீ போட்டிருக்கிறது அங்க இருந்தா, மணல் வேணாம். வின்ச், வண்டி, சுவர் மூணையும் அப்படியே வெச்சு ஒரு காட்சிசாலை பண்ணிடலாம். வின்ச் மட்டும்தான்னா, அதைப் பெயர்த்து எங்கயாவது வெச்சுக்கலாம், அதுக்கு ஒரு சுரங்கம் தேவையில்ல."

நான் மேஜைக்குத் திரும்பி ஒரு பட்டியல் போட்டேன். சுவருக்கு முன்னால் கிடக்கும் பழைய தகரங்களை அப்புறப்படுத்த வேண்டும். சரிவுப் பாதையில் பாசியைத் தேய்க்க வேண்டும். சுரங்கத்தில் வெளிச்சத்துக்கு இரண்டு அரிக்கேன் விளக்கு வேண்டும். யார்டு பெண்களிடம் சொல்ல வேண்டும். அப்போதே எனக்குள் ஓர் ஆசை வந்துவிட்டிருந்தது. நான் அளந்த ஓர் இடம் இடிபடாமல் நிற்க வேண்டும் என்ற ஆசை. அதை எங்கும் எழுதவில்லை.

சனிக்கிழமை அரை நாள். கிளம்பும்போது யார்டுக்குப் போய் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். சுரங்கத்தை மியூசியம் ஆக்கலாம் என்று யோசிக்கிறார்கள் என்றேன். எழும்பூரில் இருக்கிறதே அது மாதிரி.

"செத்த காலேஜா?" என்றாள் ஒருத்தி. எங்கள் பக்கத்தில் எழும்பூர் மியூசியத்துக்கு அதுதான் பெயர். மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ்.

"நாம இன்னும் சாவலியே மே. அதுக்குள்ள இன்னா அவசரம் அவுங்களுக்கு?" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா மட்டும் யார் வருகிறார்கள், என்ன பார்ப்பார்கள் என்று கேட்டாள். பெரிய இன்ஜினியர் வருகிறார், சுவரைப் பார்க்கத்தான் முக்கியமாக வருகிறார், அவருக்குப் பிடித்திருந்தால் இடிக்க மாட்டார்கள், அதனால் அந்த இடத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்து வைக்க வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். நாங்க பாத்துக்கறோம், நீ வூட்டுக்குப் போ என்றாள்.

திங்கட்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். மதிலைத் திரும்பியதும் முதலில் எனக்கு வேறு இடத்துக்கு வந்துவிட்டது போல் இருந்தது. தகரங்கள் இல்லை. பாசி இல்லை. சரிவுப் பாதையில் பெரிய மாக்கோலம். சுரங்க வாயில் மாவிலைத் தோரணம். வின்சுக்குப் புதிதாகப் பச்சை பெயின்ட், இன்னும் காயவில்லை. சுவர் வெள்ளை. மூலைக்கு மூலை, ஒரு பொட்டு இடம் விடாமல், கண்ணைக் கூசும் வெள்ளை.

பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குளித்து, பூ வைத்து. கைகளில் சுண்ணாம்பு வெடிப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரித்தூளைக் கழுவி வெள்ளை அடித்திருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்து அக்காவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"இன்னாம்மா? நல்லா இல்லியா?"

பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்தேன். என் கை அதைத் தானாகத்தான் செய்தது. தாளில் ஒன்று என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத எதுவும் வரவில்லை.

பிறகு மெதுவாகச் சொன்னேன். அவர் பார்க்க வருவது அந்தக் கைகளைத்தான். சுவரை அல்ல. சுவரில் இருந்ததை.

அவர்களுக்கு அது புரிய நேரமானது. ஒருத்தி ஒருத்தியாக முகம் மாறியது. ஒரு பெரிய மனிதர் வந்து தங்கள் அழுக்குக் கையைப் பார்ப்பார் என்று அவர்கள் ஏன் நினைக்க வேண்டும்? மெஷினை வைத்துக் காட்சி வைப்பார்கள், அதற்குப் பின்னால் சுவர் கலீஜாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார்கள். சுரங்கம் நிற்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேனோ அவ்வளவு அவர்களும் விரும்பியிருக்கிறார்கள். அதற்காக அவர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதையைச் செய்திருக்கிறார்கள்.

அப்போதுதான் சுவரின் நடுவில் ஆணியில் ஒரு கூடை மாட்டியிருப்பதைப் பார்த்தேன். அலங்காரம் என்று முதலில் நினைத்தேன். அருகில் போய்க் கூடையைத் தூக்கினேன். அதற்குப் பின்னால் சுண்ணாம்பு இல்லை. சதுரமாக விட்டிருந்தார்கள். கறுப்புச் சுவரில் நாலு விரல்.

அக்கா என்னைப் பார்க்காமல் தோரணத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அந்தச் சதுரத்தின் ஓரத்தில் பக்கத்துக் கையின் சுண்டுவிரல் பாதி தெரிந்தது. பாதி சுண்ணாம்புக்குள் இருந்தது. நான் விரல் நகத்தால் அந்த இடத்தைக் கீறினேன். தாரின் மேல் இருந்த சுண்ணாம்பு சின்னச் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. கீழே தார் பளபளவென்று அப்படியே இருந்தது. ஒரு விரற்கடை தள்ளி வெறும் சுவரில் கீறினேன். அங்கே பெயரவில்லை. பூச்சு சுண்ணாம்பை உறிஞ்சிப் பிடித்திருந்தது.

சுண்ணாம்பு பிடிக்க வேண்டுமானால் அடியில் இருப்பது தண்ணீரை உறிஞ்ச வேண்டும். தார் உறிஞ்சாது. அப்பா சட்டையில் தார் பட்ட இடத்தில் சோப்புத் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அதே விஷயம். ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வெள்ளை அடிக்கிறவர்கள் சுண்ணாம்பு உதிராமல் இருக்க வஜ்ரம் சேர்ப்பார்கள். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. அதைச் சேர்த்திருந்தால் தாரின் மேலும் ஓரளவு ஒட்டிக்கொண்டுவிடும், பெயர்த்தால் தாரும் சேர்ந்து வரும்.

"அக்கா, சுண்ணாம்புல வஜ்ரம் போட்டீங்களா?"

"வஜ்ரமா? அத்தக் காய்ச்சுனா ஊரே நாறும். பெரிய மனுசன் வர்ற எடத்துல அத்த யாராவது ஊத்துவாங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு காலையில் அவ்வளவு சத்தமாக நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஈரத் துணி வேண்டாம், காய்ந்த தேங்காய் நார் போதும், அழுத்தாமல் தேய்க்க வேண்டும் என்றேன். சமையல் கொட்டகையிலிருந்து ஒருத்தி ஒரு மடி நிறைய நார் கொண்டுவந்தாள். ஆனால் கைகள் எங்கே இருக்கின்றன? என் படம் பெரிய இன்ஜினியரிடம் இருந்தது. என் குறிப்புத் தாளில் இருந்த அளவுகளை வைத்து டேப் பிடித்து ஒவ்வொன்றாகக் குறிக்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒருத்தி சரிவில் மேலே ஏறிப் போனாள். தலையில் கூடை இருப்பது போலக் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஓர் இடத்தில் கால் தானாக நின்றது. குனிந்து இறக்கி, கையை நீட்டிச் சுவரில் ஊன்றினாள். ஊன்றிய இடத்தில் தேய்த்தாள். வெள்ளையிலிருந்து கறுப்பாக ஐந்து விரல் வந்தது.

பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள். டேப் என் கையிலேயே இருந்தது. அவரவர் இடம் முடிந்ததும், வேலையை விட்டுப் போனவர்களின் இடங்களுக்குப் போனார்கள். இவ இங்க நிப்பா, அவ இவளுக்கு அந்தாண்ட, இல்ல மே அவ உன்ன வுடக் குள்ளம், இன்னும் கீய தேய் என்று ஒரே வாக்குவாதம். வேலை பாதிகூட முடியவில்லை, மதில் பக்கம் காரின் சத்தம் கேட்டது.

பெரிய இன்ஜினியர் கோலத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் என் படத்தை உருட்டிப் பிடித்துக்கொண்டு ஹெட் டிராஃப்ட்ஸ்மேன். அவர்கள் பார்த்தது ஒரு வெள்ளைச் சுவர், அதில் அங்கங்கே கறுப்புக் கைகள், சுவரை ஒட்டிப் பூ வைத்த பெண்கள், காலடியில் சுண்ணாம்புத் தூள். பெரிய இன்ஜினியர் பச்சை வின்சைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு அடிக்க யார் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டாள். "யாரும் சொல்லல சார். நீங்க சொவுத்தப் பாக்க வர்றீங்கன்னு பாப்பா சொல்ச்சு. பொண்ணு பாக்க வந்தாலே வூட்டுக்கு வெள்ள அடிக்கிறோம். சொவுத்தையே பாக்க வந்தா இன்னா பண்றது?"

ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய இன்ஜினியர் சிரிக்கவில்லை. படத்தை வாங்கி விரித்து, சுவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சரிவில் மெதுவாக நடந்தார். ஒரு கையின் முன்னால் நின்று, இது யாருடையது என்று கேட்டார். ஒருத்தி, தன்னுடையது என்று சொல்லி அதன் மேல் தன் கையை வைத்துக் காட்டினாள். சரியாகப் பொருந்தவில்லை. கை இப்போது கொஞ்சம் பெரிதாகிவிட்டது என்று அவளே சொன்னாள். கூடை மாட்டிய இடத்துக்கு வந்ததும் படத்தைப் பார்த்தார். அங்கே நாலு விரல் போட்டிருந்தது. கூடையைத் தொடாமல் அக்காவைப் பார்த்தார்.

"அது என் தங்கச்சி சார். அத்த மட்டும் மூட மனசு வர்ல."

அவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். அது நிழலில் நிற்பதாலா, வேறெதற்காகவா என்று எனக்குத் தெரியாது. கூரைக்குக் கீழே அவர் வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

திரும்பிப் போகும்போது என்னிடம், "மணல் கணக்கு இனி வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காரில் ஏறும் முன் ஹெட் டிராஃப்ட்ஸ்மேனிடம், லாரி நிறுத்தப் பட்டறைக்குப் பின்னால் இடம் பார்க்கச் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் சரிவுப் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோலத்தின் மேல். புடவையெல்லாம் மாவு. சனிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. யாரோ கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கா என் பக்கத்தில் குந்திக்கொண்டு, கையில் இருந்த சுண்ணாம்பு வெடிப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இத்த முன்னாடியே வெவரமா சொல்லியிருந்தா ஞாயித்துக்கெயம படுத்துத் தூங்கியிருப்போம்" என்றாள். அதில் கோபம் இல்லை. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எதிரே பெண்கள் மீதிக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவசரம் இல்லை. அந்த உரசல் சத்தம் கேட்கக் கேட்க எனக்குத் தூக்கம் வந்தது.

ஆபீஸுக்குத் திரும்பியதும் ஹெட் டிராஃப்ட்ஸ்மேன், இனி பெரியவர் வரும் நாளில் தன் மேஜைக்கும் ஒரு பூச்சு வெள்ளை அடித்து வைக்கப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குப் பிரதி எடுக்கும் வேலை குறைந்தது. சொந்தமாகப் படம் போடும் வேலை வர ஆரம்பித்தது.

காட்சிசாலை பெரிதாக ஒன்றும் இல்லை. வின்ச், அதே பச்சையில். தொட்டி வண்டி. கூடைகள், தார்ப் பீப்பாய், மண்வெட்டி. உள்ளே வளைவில் விளக்குகள். கண்ணாடி போட்டு மாட்டிய என் படம். முதலில் வந்தவர்கள் திருவொற்றியூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்கள் சுரங்கத்துக்குள் கத்தி எதிரொலி கேட்பதிலேயே நேரத்தைக் கழித்தார்கள். அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். வாழ்நாளெல்லாம் பார்த்த கரியை லீவு நாளிலும் வந்து பார்க்க வேண்டுமா என்று வழியெல்லாம் முணுமுணுத்தவர், மண்வெட்டியைப் பார்த்ததும் நின்று, பிடியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டார். ஊர் அதைச் செத்த காலேஜ் என்று சொல்லவில்லை. கரிச் சுரங்கம் என்றுதான் இப்போதும் சொல்கிறது.

சுண்ணாம்பு அடிக்கும் முன் அந்தச் சுவரில் கைகள் இருப்பது பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும் என்றேன். இப்போது மதில் வாசலிலிருந்தே தெரிகிறது. அதனால் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன் சுவருக்கு வெள்ளை அடித்து, அன்றைக்கே கைகளைத் தேய்த்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. பராமரிப்புக் குறிப்பு எழுதும் வேலை என்னிடம் வந்தது. கூரைத் தகரம், மழைநீர் வாய்க்கால், வின்சுக்கு எண்ணெய் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போய், சுவருக்கு வந்தபோது இப்படி எழுதினேன். ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் ஒரு வார்த்தையும் மாற்றாமல் கையெழுத்து வைத்தார்.

சுவர்: சுண்ணாம்பு மட்டும். வஜ்ரம் சேர்க்கக் கூடாது. காய்ந்த நாரால் தேய்க்கவும், சுவரை அறிந்த பெண்களே தேய்க்கவும். கூடை மாட்டியிருக்கும் இடத்தை விட்டுவிட்டு அடிக்கவும்.